எழுந்து கொடுத்த இருக்கை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அமெரிக்காவில் முன்னேறுவது எப்படி என்று ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். முன்னேறியவர்கள் பலர் இந்த மேடையில் பேசிவிட்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது வேறொன்று. விமானத்தில் இடம் போதாதபோது, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நம் இடத்தை விட்டுக்கொடுப்பது. இதுவரை எட்டு முறை செய்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

நூறு இருக்கை உள்ள விமானத்துக்கு நூற்றைந்து டிக்கெட் எப்படி விற்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை ஆயிரம் பேருக்குப் போகும். சமையல்காரர் ஆயிரம் இலைக்கா அரிசி போடுகிறார்? வராதவர் எத்தனை பேர் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. விமானக் கம்பெனியின் கணக்கும் அதுதான். டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் வரமாட்டார்கள். கதவைச் சாத்திய பிறகு காலி இருக்கைக்குக் காலணா மதிப்பில்லை. அதனால் கூடுதலாக விற்கிறார்கள். பெரும்பாலும் கணக்கு சரியாக வரும். சில நாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். கல்யாணத்தில் அப்படியானால் பெண் வீட்டார் கடைசிப் பந்திக்குக் காத்திருந்து ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். விமானத்தில் யார் காத்திருப்பது?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதை விமானக் கம்பெனியே முடிவு செய்தது. யார் சண்டை போடமாட்டார்களோ அவர்களைப் பார்த்து இறக்கிவிடுவார்கள். வயதானவர்கள், ராணுவச் சிப்பாய்கள். ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1968-இல் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டார். பயணிகளிடம் ஆளுக்கொரு கவர் கொடுங்கள். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். குறைவாகக் கேட்டவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து இருத்திக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் யோசனை. விமானக் கம்பெனிகள் இதெல்லாம் நடக்காது என்று ஒதுக்கிவிட்டன.

1972-இல் ஒரு விமானத்தில் இடமில்லை என்று ஒருவரை ஏற்றாமல் விட்டார்கள். அவர் ரால்ஃப் நேடர். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வக்கீல். ஆள் தெரியாமல் கை வைத்துவிட்டார்கள்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்று 1976-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஆல்ஃப்ரெட் கான் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவரானார். 1978-இல் புது விதி வந்தது. யாரையும் கட்டாயமாக நிறுத்துவதற்கு முன், மனமுவந்து இடம் தருகிறவர் உண்டா என்று கேட்டாக வேண்டும். சைமன் சொன்ன கவர் போய், இருநூறு, முந்நூறு என்று மைக்கில் கேட்கும் ஏலமாக அது மாறியது.

அந்த ஏலத்தில் நான் முதலில் எழுந்து நின்றது 1986, நவம்பர் மாத நன்றி கூறும் நாள் விடுமுறை. படிக்கிற பையன், கையில் காசு கிடையாது. இருநூறு டாலர் வவுச்சர், மூன்று மணி நேரம் கழித்து அடுத்த விமானம் என்றார்கள். நம் விடுதி மெஸ்ஸில் இட்லிக்கு ஓடியவன் கால், அந்த கவுண்டருக்கும் ஓடியது. அந்த வவுச்சரில்தான் டெக்சாஸில் இருந்த நம் மெக்கானிக்கல் நண்பனைப் பார்க்கப் போனேன். இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், சாட்சி!

ஆனால் அடியும் பட்டிருக்கிறேன். ஒருமுறை "அடுத்த விமானம்" என்று சொன்னார்களே, அதில் உறுதியான இடமா என்று கேட்கவில்லை. ஸ்டாண்ட்பை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரவைச் சிகாகோ விமான நிலையத் தரையில், கோட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு கழித்தேன். இன்னொரு வவுச்சர் ஒரு வருஷத்தில் காலாவதி என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் எடுத்துப் பார்த்தபோது பதிமூன்றாவது மாதம்.

ஆகவே தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் அங்கே போய் நிற்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். அடுத்த விமானத்தில் என் பெயருக்கு உறுதியான இடம் உண்டா? அதற்குப் பிறகு மாற வேண்டிய விமானம் என்ன ஆகும்? சாப்பாடும், இரவு தங்க வேண்டுமானால் அறையும் தருவீர்களா? கொடுப்பது பணமா, வவுச்சரா; வவுச்சர் என்றால் எந்தத் தேதிவரை செல்லும்? பதில் பிடித்தால் மட்டும் எழுந்திருங்கள். பெட்டி எந்த விமானத்தில் போகிறது என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை நான் பேசியதெல்லாம் சாமர்த்தியம். 2003-இல் அது என்ன விஷயம் என்று எனக்கு வேறு விதமாகப் புரிந்தது.

தஞ்சாவூரிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியலை. யோசிக்காம கிளம்பி வந்துடுங்க." இரவோடு இரவாக டிக்கெட் வாங்கினேன். காலையில் எங்கள் ஊரிலிருந்து சிகாகோவுக்குச் சின்ன விமானம். அங்கிருந்து ஐரோப்பா வழியாகச் சென்னை. எங்கள் ஊர் கேட்டில் போய் நின்றால், என் சீட்டில் இருக்கை எண் இல்லை. விமானம் நிரம்பிவிட்டது, இரண்டு பேர் இடம் தர வேண்டும் என்று அறிவிக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் சென்னை விமானமும் போய்விடும்; மறுநாள்தான் அடுத்தது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இருநூறு டாலர் என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. முந்நூறு என்றதும் முதுகுப் பையோடு ஒரு பையன் எழுந்து போனான். "அடுத்ததில் உறுதியான இடமா?" என்று கேட்டான். நான் கேட்கும் அதே கேள்வி. அவனுக்குப் பின்னால் ஒரு பாட்டியம்மா. பேரனைப் பார்க்கப் போகிறாராம். "சாயங்காலம் போனாலும் அவன் அங்கேதான் இருப்பான்" என்று சிரித்துக்கொண்டே வவுச்சரை வாங்கிக்கொண்டார். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அம்மாவோடு இரண்டு நாள் இருந்தேன். முதல் நாள் நல்ல நினைவோடு இருந்தார்கள். "டிக்கெட்டுக்கு எவ்வளவுப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே "அவ்வளவா?" என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்கள்.

அந்தப் பையனும் பாட்டியம்மாவும் எனக்காக எழுந்திருக்கவில்லை. முந்நூறு டாலருக்காக எழுந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் என் நன்றி குறைந்துவிடவில்லை. அதுவரை நான் விட்டுக்கொடுத்த இடங்களில் யார் உட்கார்ந்தார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை என்பதுதான் உறுத்தியது.

பணம் இல்லாதவன்தானே எழுந்திருப்பான், இது என்ன நியாயம் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1986-இல் நான் எழுந்தது பணம் இல்லாததால்தான். ஆனால் அதற்கு முந்தைய காலத்தில் அதே ஏழைச் சிப்பாயை, கேட்காமலேயே நிறுத்தினார்கள். எனக்குக் கேள்வி கேட்கவும், மாட்டேன் என்று சொல்லவும் வழி இருந்தது.

மாட்டேன் என்ற சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரலில் உலகமே பார்த்தது. சிகாகோவில் யுனைடெட் விமானத்தில் தங்கள் ஊழியர்களுக்காக நான்கு இடம் கேட்டார்கள். நானூறு டாலர், பிறகு எண்ணூறு. யாரும் எழவில்லை. ஏலத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, நான்கு பேரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் வயதான மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று மறுத்தார். பாதுகாப்பு அதிகாரிகள் ரத்தம் வழிய அவரை இழுத்துப் போனார்கள். பிறகு அதே கம்பெனி, இடம் தருகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் வரை கொடுக்கலாம் என்று விதியை மாற்றியது. அன்று இன்னும் ஒரு ஆயிரம் கூட்டிக் கேட்டிருந்தால் யாராவது சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் விதி உண்டு. முதலில் மனமுவந்து தருகிறவரைக் கேட்க வேண்டும். கட்டாயமாக நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால் இழப்பீடு. 2016-இல் வந்த விதிப்படி, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் என்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். "சாரி சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

நம் ரயிலில் "தம்பி, முழங்கால் வலி, மேல் பெர்த்துக்கு மாறிக்கிறீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டால் காசு வாங்காமல் மாறுகிறோம். அதற்கு விதியும் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம். எதிரே இருப்பவர் முகம் தெரிகிறது. விமான நிலையத்தில் முகம் தெரிவதில்லை, மைக்தான் பேசுகிறது. அவசரம் இல்லாத நாளில் தாராளமாக எழுந்திருங்கள்; பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் போகும்போது ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். உங்கள் இடத்துக்காக அங்கே ஒருவர் வாய் திறக்காமல் நின்றுகொண்டிருப்பார்.

என் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசாமல் தப்பித்து அமர்கிறேன். இந்த இருக்கையை விட்டுத்தர மாட்டேன். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்!