குப்பிதித்தாஸ்: ஆசையா, பேராசையா?

(ஜூபிலி முந்நாள் தயாரிப்பின் இரண்டாம் நாள் மாலை, பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நேற்று செபத்தைப் பற்றிச் சிந்தித்தோம். இன்று ஆசையைப் பற்றி. இதற்குக் குருமடத்தில் நாங்கள் படித்த இலத்தீன் சொல் ஒன்று உதவும். குப்பிதித்தாஸ் என்பது அச்சொல். 'விரும்பு' எனப் பொருள்படும் 'குப்பெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. உரோமையரின் காதல் தெய்வமாகிய குப்பிதோவின் பெயரும் இதே வேரினதுதான். வெறும் விருப்பம், ஏக்கம், இச்சை, பண ஆசை, பதவி மோகம், புகழ் வேட்கை ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே அவர்கள் ஆண்டனர். வழக்கில் சாட்சி ஒருதலையாகப் பேசினால் அதுவும் குப்பிதித்தாஸ்தான். (வேண்டியவன் பக்கம் நாக்கு சாய்வது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் புதிதல்ல!)

கி.மு. 146-ல் கார்த்தேஜ் அழிந்தபின் உரோமையில் முதலில் பண வேட்கையும் பிறகு அதிகார வேட்கையும் வளர்ந்ததாக வரலாற்றாசிரியர் சல்லுஸ்தியுஸ் எழுதினார். அவரே ஆப்பிரிக்காவில் ஆளுநராக இருந்தபோது மக்களைச் சூறையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். பிறர் பேராசையைக் காண யாருக்கும் விளக்கு வேண்டியதில்லை.

நிற்க. புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில், எல்லாத் தீமைக்கும் வேர் எதுவென்று சொல்லும் இடத்தை அறிவீர்கள். கிரேக்க மூலத்தில் அங்குள்ள சொல் 'பிலார்கூரியா'. வெள்ளிக்காசின்மேல் கொண்ட பற்று என்று பொருள். வுல்காத்தா எனப்படும் பழைய இலத்தீன் விவிலியமோ அதைக் குப்பிதித்தாஸ் என்று பெயர்த்தது. பணம் மறைந்தது; ஆசை மட்டும் நின்றது! அதைக் கேட்டவர்களுக்கு, ஆசை முழுவதுமே வேரோடு பிடுங்க வேண்டிய களை என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. நம் தமிழ் விவிலியம் 'பொருளாசை' என்று சொல்வது நன்று.

"சாமி, ஆசைப்படுவது பாவமா?" என்று மகளைக் கல்லூரிக்கு அனுப்ப விரும்பும் தாயும் கேட்கலாம், அடுத்தவன் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டவனும் கேட்கலாம். இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியுமா? ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார் இங்கே கைகொடுக்கிறார். கடவுளைக் கடவுளுக்காகவும், தன்னையும் அயலானையும் கடவுளை முன்னிட்டும் நாடும் உள்ளத்தின் அசைவு காரித்தாஸ் என்றார். நம் திருச்சபையின் பிறரன்புப் பணி நிறுவனம் தாங்கியிருக்கும் பெயர் அதுதான். கடவுளை ஒதுக்கிவிட்டு எதையும் எவரையும் தனக்காகவே அனுபவிக்க நாடும் அசைவு குப்பிதித்தாஸ். ஆனால் அவரே 'கடவுளின் நகரம்' என்ற நூலில், ஞானத்தின்மேல் கொள்ளும் ஆசையை ஞான ஆகமம் புகழ்வதையும் எடுத்துக் காட்டுகிறார். எதன்மேல் ஆசை என்று கேட்டபிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தாய் கலங்க வேண்டாம். வரப்பைத் தள்ளியவர் முதலில் எல்லைக்கல்லைப் பழைய இடத்தில் நடட்டும்; பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வரலாம்.

உரோமையர் புகழாசையைக் கொண்டு பண ஆசையை அடக்கினார்கள் என்றும், ஆனால் புகழாசையும் ஒரு குறையே என்றும் அதே நூல் கூறுகிறது. நன்கொடையாளர் பளிங்குப் பலகையில் யார் பெயர் முதலில் வரும் என்று விசாரிப்பவர்களுக்கு நூலை இரவல் தருகிறேன்.

இனி லூக்காஸ் நற்செய்தி, 16-ஆம் அதிகாரம். பணக்காரனின் வாசலில் புண்களோடு கிடந்த லாசர், மேசையிலிருந்து விழும் துணுக்குகளால் பசியாற விரும்பினான். அங்கே வுல்காத்தா இடும் சொல் இதே 'குப்பெரே' வினைதான். முந்திய அதிகாரத்தில், பன்றித் தீனியாலாவது வயிற்றை நிரப்ப ஏங்கிய ஊதாரி மகனுக்கும் அதே வினை. அந்த ஏக்கத்தை ஆண்டவர் கண்டிக்கவில்லை. ஊதாரி மகனைத் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். லாசரை வானதூதர்கள் ஆபிரகாமின் மடிக்கு எடுத்துச் செல்கிறார்கள். பணக்காரன் எதற்கும் ஆசைப்பட்டதாக உவமையின் தொடக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. செந்நிற ஆடை, மெல்லிய துகில், நாள்தோறும் விருந்து, அவ்வளவுதான். வாசலில் கிடந்தவனை அவன் கவனித்ததாகவும் ஒரு சொல் இல்லை.