கலியாணத்துக்கு முன் ஆறு மாதம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே நாயன்மார் சரிதமும் சித்தாந்தமும் கேட்டுப் பழகிய உங்களுக்கு இன்று பந்தலும் பலகாரமும் பற்றிப் பேசப் புகுகின்றோம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் சிலர் புன்னகை செய்வது எமக்குத் தெரிகிறது. எனினும், எங்கள் ஊரில் ஒரு குடும்பம் வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடுவது கலியாணத்துக்கே. அச்செலவில் எவ்வளவு அவசியம், எவ்வளவு அவசரத்தால் வந்தது என்று பிரித்துப் பார்த்தால், அவசரத்தின் பங்கு எம்மைத் திடுக்கிட வைக்கும். ஆதலால் இவ்விடயம் சங்கத்துக்கு அந்நியமானதன்று.

முதலில் நாள். சாதகப் பொருத்தம் பார்த்து இரு வீட்டாரும் மனமொத்தபின், குருக்களிடம் போய் முகூர்த்தம் குறிப்பித்து, அதன்பின் மற்றவற்றைத் தேடுவதே முன்னையோர் முறை. இன்றோ முதலில் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுக்கிறோம். மண்டபம் வெறுமையாயுள்ள நாளைச் சுபநாளாக்கித் தரும்படி பின்னர் குருக்களை நெருக்குகிறோம். இதற்கொரு காரணம் உண்டு. எங்கள் உறவினரில் பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை யூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் டிசம்பர் கடைசியிலும் வருகின்றது. அவற்றிற் பெரும் பகுதியை ஆடியும் மார்கழியும் விழுங்கிவிடுகின்றன. எஞ்சுவது ஆவணி பிறந்து அங்கே பள்ளிக்கூடம் திறக்கும் வரையுள்ள இரண்டரைக் கிழமை. அதிலே செவ்வாய், சனி, அட்டமி, நவமி, கரிநாள் ஆகியவற்றைக் கழித்தால் சில வருடங்களில் நாலைந்து முகூர்த்தமே மிஞ்சும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் பெரும்பாலும் அவ்வேளையை ஒட்டியே வரும். குருக்கள்மாரும், இணுவில் அளவெட்டி மேளகாரரும், சமையற்காரரும், படம் பிடிப்போரும் எல்லாரும் அந்த நாலைந்து நாளுக்குள் அகப்பட்டுக் கொள்கின்றனர். கேட்ட விலை கொடுக்க வேண்டியதாகிறது.

எம்முடைய கருத்து இது: வைகாசியும் தையும் எங்கும் ஓடிவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து இருபது பேர் வருவதற்காக, இங்கேயுள்ள இருநூறு பேருக்குரிய நாளை நெருக்கடிக்குள் தள்ள வேண்டியதில்லை. பெற்றோரும் உடன்பிறந்தாரும் தாய்மாமனும் வரக்கூடிய நாளைப் பாருங்கள். ஏனையோர் வீடியோவிற் பார்த்து அறுகரிசி தூவினால் அவர்களுடைய ஆசி குறைந்துவிடாது.

இனி, எழுத்து. தாலி கட்டுவது ஒன்று. விவாகப் பதிவு ஒன்று. விவாகப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் சாதாரண முறையில் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்துப் பன்னிரண்டு நாள் செல்ல வேண்டும். அவசரமாயின் விசேட அனுமதி பெறலாம். பன்னிரண்டு நாள்தானே என்று கடைசி மாதம் வரை விட்டுவிடுகிறவர்கள், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்துக்கூட்டலுமாக இருப்பதைக் கண்டு கலங்குகின்றனர். மாப்பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவராயின், அவர் மணமாகாதவர் என்ற சான்றும் அந்நாட்டிலிருந்து வரவேண்டும். பிற்காலத்திலே பெண்ணை அங்கே அழைப்பதற்கு இந்தக் கடதாசிகளே வழி. முதல் மாதத்திலேயே எல்லாப் பத்திரங்களையும் ஒரு மேசையிற் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

காணி எழுதிக் கொடுக்கும் வீட்டாருக்கு இதனினும் பெரிய வேலை உண்டு. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டு தொடக்கமுள்ள சட்டம். “அப்புவின் காணி, எல்லாருக்கும் தெரியும்” என்பது உறுதியாகாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பெட்டகங்களோடு உறுதிகளும் போயின. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும். நில அளவையாளரை அழைக்க வேண்டும். பிரிக்கப்படாத முதுசமாயின் றொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவும் மெல்பேணில் இருக்கும் சித்தியும் தத்துவப் பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத சகோதரராயின், ஆறு மாதமும் போதாது.

காணி பற்றிப் பேசும்போது அதனோடு ஒட்டிய பேச்சைத் தவிர்க்க முடியாது. வாலிபர்கள் இதனைச் சற்றே காது கொடுத்துக் கேட்க வேண்டுகின்றோம். எங்கள் தேசவழமையை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் எழுத்தில் தொகுப்பித்தனர். சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்ற மூன்றும் அதிலே பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. சீதனம் பெண்ணோடு வருவது; பெண்ணின் உடைமை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டமும் அதனை அவளுடைய தனியுடைமையாகவே வைத்தது. ஆனால் அசையாச் சொத்தை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. அது நியாயமா என்பது வேறு விவாதம். எவ்வாறாயினும், சீதனத்துக்குப் பத்திரம் உண்டு, பெயர் உண்டு, உரிமையாளர் உண்டு.

‘நன்கொடை’ என்று ஒன்றை இதற்குப் பக்கத்திலே கொண்டுவந்து வைத்திருக்கிறோமே, அதற்கு இவற்றில் எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் பெற்றோர் கையிலே காசாகக் கொடுக்கப்படுகிறது. பெண்ணுக்கு அதில் உரிமையில்லை. அது எந்த உறுதியிலும் ஏறுவதில்லை. மணம் முறிந்தாற் கேட்டுப் பெற வழியுமில்லை. “எனக்கு இரண்டு தங்கச்சிமார் இருக்கினம், அவைக்கு நான் எங்கை போறது?” என்று ஒரு தம்பி கேட்டால், அது பொய்யான கேள்வியன்று. அவன் வாங்குவது தன் தங்கைக்குக் கொடுக்கவே. தங்கையின் மாப்பிள்ளை வாங்குவது அவனுடைய தங்கைக்குக் கொடுக்கவே. எவரும் பணக்காரராவதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகப்பன் கடனாளியாகிறான். இச்சங்கிலியைப் பேச்சுக்காலின் முதல் நாளில் அறுக்கலாம். கடைசிக் கிழமையில் அறுக்க முடியாது. கலியாணப் பேச்சில் பெரியோர் பேசும்போது மாப்பிள்ளை வாய் திறப்பது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டோம். இந்த ஒரு விடயத்தில் மாத்திரம் அவன் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதைக் குறைவு என்று நாம் கருதுகின்றோம். இரண்டு தங்கச்சிமாரையும் எண்ணித் தயங்கும் தம்பிக்கு, வாங்க மாட்டேன் என்று சொல்லும் இன்னொரு மாப்பிள்ளையை இதே மண்டபத்திலிருந்து தேடிக் கொடுப்பது எங்கள் கடமை.

அடுத்தது பொன். பொன்னுருக்கலுக்கு நாள் பார்ப்பது முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னராயினும், பவுண் சேர்ப்பது மாதக்கணக்கான வேலை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐ அண்மித்தபோது, பொன் விலையும் கூடவே பாய்ந்தது. “மாசி கழியட்டும், விலை இறங்கும்” என்று காத்திருந்தவர்கள் நினைத்த கொடியிற் பாதியும் செய்ய முடியாமற் போனார்கள். கொடி 7 பவுணா, 9 பவுணா, 11 பவுணா என்று போட்டி போடுகிறோம். ஆசாரியார் உருக்குவதோ ஒரு சிறு நாணயம்; கிரியைக்கு வேண்டியதும் அதுவே. பெருங்கொடி வங்கிப் பெட்டகத்தில் உறங்க, கழுத்திலே மெல்லிய சங்கிலி ஆடுவதைத் தாய்மார் அறியாதவர்களல்லர்.

கலியாணம் சொல்லும் விதத்திலும் ஒழுங்கு வேண்டும். சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் மணச் செய்தியை யானையின் மீது மகளிரை ஏற்றி நகரத்தாருக்கு அறிவித்தார்கள். யானை போய் வட்ஸ்அப் வந்துவிட்டது, மனிதர் மாறவில்லை. படமாக அனுப்பிய அழைப்பை அழைப்பென்று எங்கள் ஊர்ப் பெரியவர் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. “எங்களுக்கு வந்து சொல்லேல்லை” என்ற ஒரு சொல், பத்து வருடப் பேச்சில்லாமைக்கு வித்தாகும். ஆகவே இரண்டு பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். நேரிற் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டியோர் ஒன்று; தொலைபேசியிற் சொல்லக் கூடியோர் மற்றொன்று. முதற் பட்டியலை வீட்டிலே வயதிற் கூடிய பெண்மணியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட பெயரை அவர் ஒரு நிமிடத்திற் சொல்லிவிடுவார்.

சமையலில் வீண் செலவுக்குக் காரணம் தலை எண்ணாமையே. தலைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று வைத்தால், 400 பேருக்கு 40 முதல் 50 கிலோ. ஆனால் “குறையக் கூடாது” என்று பயந்து ஒவ்வொருவரும் பத்துக் கிலோ கூட்டுகின்றனர்: தகப்பனார் ஒரு பத்து, மாமனார் ஒரு பத்து, சமையற்காரர் ஒரு பத்து. பின்னேரம் கிடங்கு வெட்டிக் கொட்டுகிறோம். கணக்கை ஒருவர் கையில் விடுங்கள். மிஞ்சியதை எந்த இல்லத்துக்கு எத்தனை மணிக்குக் கொண்டு போவது என்பதையும் முன்னரே பேசி வையுங்கள். பலகாரத்தை மட்டும் கடையில் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பலகாரச் சூட்டுக்கு நாள் வைத்து, அயலட்டைப் பெண்கள் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுடும் அந்த இரண்டு நாளில், பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி எல்லாம் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லப்பட்டுவிடும். அது மண்டபத்துக் கட்டணப் பட்டியலில் கிடைக்காத பொருள்.

எளிமையாகச் செய்தாற் குறைவோ என்று கேட்பீர்கள். அகநானூற்றின் 86ஆம் பாட்டைப் பாருங்கள். புதுமணல் பரப்பிய பந்தல், விளக்கு, உளுந்து கூட்டிய சோறு, உரோகிணி கூடிய நாள், மக்களைப் பெற்ற நான்கு மங்கல மகளிர் நீராட்டி வாழ்த்துதல், அவ்வளவே. அவ்வளவு தூரம் போவானேன்? 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபின் எத்தனையோ வீடுகளில் ஐம்பது பேருக்கும் குறைவாகவே கூடி, வீட்டு முற்றத்திலே தாலி கட்டினார்கள். அக்கலியாணங்களிற் பிறந்த குழந்தைகள் இன்று பாலர் பாடசாலைக்குப் போகின்றன.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. முன்பெல்லாம் கன்னிக்கால் ஊன்றிய அன்றே ஊர் இளைஞர் கமுகு வெட்டவும் வாழைக்குலை கொண்டுவரவும் தோரணம் பின்னவும் வந்துவிடுவர். பந்தியிற் பரிமாறுவதற்கும் அவர்களே. இப்போது எல்லாவற்றுக்கும் கூலியாட்கள். கூலி கொடுக்க இயலாத வீடுகளும் எங்கள் ஒழுங்கைகளில் உண்டு. அவர்கள் அதை வெளியிற் சொல்லமாட்டார்கள். ஆகையால் வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். முதற் பக்கத்தில், சங்கத்திடமுள்ள கிடாரம், தாச்சி, சரவச்சட்டி, கதிரை முதலியவற்றின் தொகை எழுதப்பட்டுள்ளது. வாடகை இல்லை, கழுவித் திருப்பித் தந்தாற் போதும். இரண்டாம் பக்கத்தில் உதவி வேண்டுவோர் தம் கலியாண நாளை மாத்திரம் எழுதலாம். பெயர் செயலாளருக்குத் தெரிந்தாற் போதும். மூன்றாம் பக்கம் வேலை செய்ய வருவோருக்கு. வருகிற ஆவணிக்கு இரண்டு நாட்கள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கின்றன. பரிமாறுவதற்குப் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். பேனா கொப்பியோடு கட்டித் தொங்குகிறது.