கடைசி வண்டிக்கும் காத்திருப்போம்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் 2014-இல் தொடங்கப்பட்ட 'வைல்ட் அட்லாண்டிக் வே' சுற்றுலாப் பாதை சுமார் 2,500 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால், மோட்டார் சைக்கிளில் குழுவாகச் செல்லும் நம் இளைஞர்களுக்கு அது பழகிய சாலையாகத் தோன்றலாம்.

ஆனால், கிராமத்துச் சாலைகள் மிகக் குறுகலானவை. வளைவைத் தாண்டினால் ஆட்டு மந்தையோ டிராக்டரோ நிற்கலாம். உள்ளூர்க் கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பே 2025 பிப்ரவரியில் 80 கிலோமீட்டரிலிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டது.

முன்னால் போனவரை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில்தான் பின்னால் வருபவர் தடுமாறுகிறார். எனவே, புதியவரைத் தலைவருக்கு அடுத்து விடுங்கள். அனுபவசாலி கடைசியில் வரட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசி வண்டி தெரியும்வரை நில்லுங்கள். சேர்ந்து புறப்பட்டவர்கள் சேர்ந்தே வீடு திரும்ப வேண்டும்.