நூலகத்தின் கதவும் எமது பழைய பெட்டிகளும்

(ஸ்தவாங்கரில் இடம்பெற்ற தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இன்று அந்த நூலகத்தை இந்த நகரத்து நூலகத்தின் வாசலில் நின்று பார்க்க விரும்புகிறேன். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் நாம் கூடுகிறோம். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயையும், அதில் அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் நினைவுகூர்கிறோம். அப்போது நான் பள்ளி மாணவன். அந்த வாசிகசாலையில் பத்திரிகை படிக்க மிதிவண்டியில் போய் வந்தவன். ஆகவே அந்த நினைவுகூரலின் தேவையை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு குறை எனக்குண்டு. அந்த நூலகம் எரிந்த கதையை எம் பிள்ளைகள் அறிவார்கள். அது எவ்வாறு உண்டானது என்பதை அறியமாட்டார்கள்.

1933ஆம் ஆண்டில், நீதிமன்ற அலுவலராக இருந்த க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் இருந்த நூல்களை அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊரவர் சிலர் சேர்ந்து ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் நூலகம் திறந்தனர். பிற்காலத்தில் கட்டடம் எழுப்புவதற்குக் களியாட்ட விழாக்கள் நடத்திப் பணம் சேர்த்தார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. அதாவது ஒரு மனிதரின் வீட்டு அலுமாரியிலிருந்து அந்த வெள்ளைக் கட்டடம் வரை கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பொது உழைப்பு இருக்கிறது.

இரங்கநாதன் 1931இலேயே நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தவர். நூல்களைப் பூட்டிக் காப்பதைவிட அவை பயன்படுவதே முதன்மை என்பதும், ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூல் அவனைச் சேரவேண்டும் என்பதும் அவற்றின் உட்பொருள். சுதந்திர இந்தியாவின் முதற் பொது நூலகச் சட்டமாகிய 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் உருவாக முன்னின்றவரும் அவரே. நூலகத்துக்கென ஒரு சிறு வரியை மக்களிடம் பெற்று, நூலகத்தை மக்களின் உரிமையாக்கிய சட்டம் அது.

இனி நோர்வேக்கு வருவோம். இங்கு ஒவ்வொரு நகரசபையும் பொது நூலகம் ஒன்றை வைத்திருந்தே ஆகவேண்டும். நூல் இரவல் இலவசமாக இருக்கவேண்டும். இது 1985ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தில் செய்யப்பட்ட ஒரு திருத்தம் 2014 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நூலகம் ஒரு சுதந்திரமான சந்திப்பிடமாகவும் பொது உரையாடலுக்கும் விவாதத்துக்கும் களமாகவும் இருக்கவேண்டும் என்பதே அத்திருத்தம். வாய் திறந்தால் அதட்டும் இடமாக நாம் அறிந்த நூலகம், பேசுவதற்கான இடமாகச் சட்டத்தினாலேயே மாற்றப்பட்டிருக்கிறது. 2020இல் ஒஸ்லோ பியோர்விகாவில் திறக்கப்பட்ட தைக்மான் நூலகத்துக்குப் போனவர்கள் தையல் இயந்திரத்தையும் ஒலிப்பதிவு அறையையும் கண்டு வியந்திருப்பீர்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததையும் நான் கண்டேன்.

ஸ்தவாங்கர் இவ்விடயத்தில் முன்னோடி நகரம். சோல்வ்பெர்கெத் பண்பாட்டு இல்லத்துக்குள் நூலகமும் திரையரங்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. யேமன் நாட்டுக் கவிஞர் மன்சூர் ராஜிஹ் பதினைந்து ஆண்டுச் சிறைவாசத்தின் பின் 1998இல் விடுதலையாகி இந்த நகரத்துக்கே அடைக்கல எழுத்தாளராக வந்தார். ஒடுக்கப்படும் எழுத்தாளர்களுக்குப் புகலிடம் அளிக்கும் நகரங்களின் உலக வலையமைப்பு 2006இல் உருவானபோது அதன் செயலகமும் சோல்வ்பெர்கெத்திலேயே அமைந்தது. நூல்கள் எரிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்த நாம், எழுத்தாளருக்குக் கதவு திறந்த ஒரு நகரத்தில் வாழ்கிறோம். ஆனால் அந்தக் கதவால் நாம் எத்தனை முறை உள்ளே போயிருக்கிறோம்?

பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கப் போகிறார்கள். பெற்றோர் அவர்களை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இன்று தேசிய நூலகத்தின் கீழ் இயங்கும் பன்மொழி நூலகம், நாட்டின் எந்த ஊர் நூலகம் கேட்டாலும் வேற்றுமொழி நூல்களை அனுப்பிவைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆனால் எவரும் கேளாத மொழியின் நூல்களை எந்த நூலகரும் தாமாக வரவழைக்கமாட்டார். எடுப்பார் இல்லாத நூல் தட்டில் நெடுநாள் இருக்கவும் மாட்டாது. அது வஞ்சனை அன்று. நூலகம் இயங்கும் முறை அது. யாழ்ப்பாணத்தில் எமது நூல்களைத் தீ கொண்டுபோனது. இங்கே ஒரு தமிழ்த் தட்டு வெறுமையாகுமானால் அதற்கு நாம் யாரைக் குற்றஞ்சாட்டப் போகிறோம்?

மண்டபம் பற்றியும் ஒரு சொல். நாம் பாடசாலை மண்டபங்களை வாடகைக்கு எடுத்து, எமக்குள்ளேயே பேசி, எமக்குள்ளேயே கைதட்டிக் கலைகிறோம். நூலகத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம், எமக்கு உடன்பாடில்லாத ஒருவர் எழுந்து நின்று மறுத்தும் பேசலாம். அதனாற்றான் எம்மவர் பலர் தயங்குகிறார்கள் என்று நான் எண்ணுகிறேன். என் கருத்துத் தவறாயின் இளையோர் திருத்துங்கள்.

அடுத்தது அருங்காட்சியகம். இந்நகரின் பழைய பகுதியில், மீனைத் தகரத்தில் அடைத்த ஒரு தொழிற்சாலை அருங்காட்சியகமாக இருக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் ரின்மீன் தொழிற்சாலை. எண்ணெய் கிடைக்கும்வரை இந்த ஊருக்குச் சோறு போட்டது அந்தத் தொழில்தான். அச்சுக்கலை அருங்காட்சியகத்துடன் சேர்த்து 2021இல் அது புதிதாகத் திறக்கப்பட்டபோது அதற்கு வைத்த பெயர் 'இடிஸ்'. தகரத்தில் ஒட்டிய வண்ணத் தாளுக்கு ஸ்தவாங்கர்ப் பேச்சுவழக்கில் வழங்கும் பெயர் அது. அக்காலத்துப் பிள்ளைகள் அந்தத் தாள்களைச் சேர்த்து, மாற்றி விளையாடினார்கள். குப்பைக்குப் போகவேண்டிய தாள் இன்று ஓர் அருங்காட்சியகத்தின் பெயர்! உலக அருங்காட்சியகங்களின் அமைப்பு 2022இல் தன் வரைவிலக்கணத்தையே திருத்தி, அருங்காட்சியகம் சமூகங்களின் பங்கேற்புடன் இயங்கவேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. அரசர்களின் வாளையும் முடியையும் மட்டும் தேடிய காலம் கடந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1825 யூலை 4 அன்று 'ரெஸ்தவ்ராசியோன்' என்ற சிறு பாய்க்கப்பலில் 52 பேர் இந்தத் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு குழந்தையும் பிறந்தது. அவர்களைத் தொடர்ந்து அடுத்த நூறாண்டில் எட்டு இலட்சம் அளவிலான நோர்வேயியர் புலம்பெயர்ந்தனர். 2025இல், இருநூறாம் ஆண்டு நிறைவில், அக்கப்பலின் மாதிரி ஒன்று இங்கிருந்தே மீண்டும் புறப்பட்டது. அந்தப் புலம்பெயர்ந்தோர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்று நோர்வேயின் ஆவணக்காப்பகங்களில் பேணப்படுகின்றன, நூல்களாகவும் அச்சாகியிருக்கின்றன. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் டெகோரா என்ற சிற்றூரில் அவர்களுடைய அருங்காட்சியகம் 1877 முதல் தன் சேகரிப்பை வளர்த்து வருகிறது. கற்றோர் எழுதிய கடிதங்கள் மட்டுமல்ல அவை. கால்நடை, உருளைக்கிழங்கு, கடன், காய்ச்சல் என்பவற்றைப் பற்றி எழுதியவையும் உள.

எண்பதுகளில் எம்மவர் பலர் வடக்கே பின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். நானும் அவர்களுள் ஒருவன். என் அம்மா எழுதிய நீலநிற வான்கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. தங்கை ஒலிநாடாவில் பேசி அனுப்பியவையும் இருந்தன. ஒரு நாடாவில் பின்னணியில் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்கும். வீடு மாறியபோது, இடமில்லை என்று அந்தப் பெட்டியை நானே என் கையால் எறிந்தேன். எவரும் எரிக்கவில்லை. என் மகள் பல்கலைக்கழகத்தில் புலம்பெயர்வு பற்றிக் கட்டுரை எழுதவேண்டி வந்தபோது, "அப்பா, உங்களிடம் ஏதாவது கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் தேநீர் போடுவதுபோல் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் இந்நாட்டில் 'சுவடுகள்' என்ற சஞ்சிகை வெளிவந்தது. பெண்கள் 'சக்தி' என்ற இதழை நடத்தினார்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் இத்தகைய ஈழத்து, புலம்பெயர் வெளியீடுகளைத் தேடிப் படிக்கலாம்; தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மின்வடிவாக்கியவை அவை. நோர்வேயின் 1989ஆம் ஆண்டுச் சட்டமோ, இந்நாட்டில் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் நூல், சஞ்சிகை முதலியவற்றின் பிரதிகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது. நோர்வேயிய மொழிக்கு மட்டும் உரிய சட்டம் அன்று அது. எமது பாடசாலை ஆண்டுமலர், கலைவிழா மலர், ஒரு தாய் அச்சிட்ட சிறு கவிதை நூல் என எல்லாவற்றுக்கும் அங்கு இடமுண்டு. வெளியிட்டவர்கள் இன்று வீட்டுக்குப் போய், தங்கள் வெளியீட்டை ஒப்படைத்தோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இளையோரிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் அப்பா, அம்மா, அம்மம்மாவின் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, கடிதம், ஒலிநாடா, முதற் பனிக்காலத்தில் எடுத்த படம் எதுவாயினும் எறியவேண்டாம். யார், எங்கே, எந்த ஆண்டு என்று படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். அம்மம்மாவுக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறருடைய தனிப்பட்ட செய்திகள் உள்ள கடிதமாயின் அவர்களின் சம்மதமின்றி வெளியே கொடுக்கவேண்டாம்.

மண்டப வாசலில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில், நகர நூலகத்தில் நீங்கள் கேட்கப்போகும் தமிழ் நூல்களின் பெயர்களை எழுதுங்கள். வரும் வாரம் நால்வர் அதைக் கொண்டுபோய் நூலகரிடம் கையளிப்பார்கள். மற்றத் தாளில், பழைய ஒலிநாடா வைத்திருப்போர் பெயரைப் பதியுங்கள். நாடாவை ஒலிக்கச் செய்யும் கருவி ஒன்று எம்மிடம் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியாது.