தூணும் துலாக்கோலும்



செங்கற்பட்டில் என் பாட்டனார் கட்டிய வீட்டைப் பங்கு பிரிக்க இயலாமல் இடித்தோம். தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் பழைய மரம் வாங்குபவர் எடுத்துச் சென்றார். கிடைத்த தொகை இடிப்புக் கூலிக்கே சரியாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, கடற்கரைச் சாலை விடுதியொன்றின் முகப்பில் அத்தகைய தூண்களைக் கண்டேன். அந்தப் பழமையைக் காட்டியே அங்கு வாடகை உயர்ந்திருந்தது. விலையற்றது என நாம் கழித்ததற்கு விலை இருந்தது, பெற்றவர் வேறொருவர்.

முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவை நீங்கள் அறிவீர்கள். இடிபடவிருந்த செட்டிநாட்டு வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து அங்கே எழுப்பியுள்ளனர். போற்றத்தக்க பணி. கைவினைஞர் பலர்க்கு அது வாழ்வளிக்கிறது. எனினும் வீடு பிழைத்ததேயன்றி, அது நின்ற தெரு அவ்வருவாயைப் பெறவில்லை.

தெருவோடு காத்த சான்று புதுவையில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் இன்டாக் அமைப்பினர் வைசியாள் வீதியின் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் சீரமைத்தனர். 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அவ்வூரில் பழைய வீடுகள் பல, தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் நின்ற இடத்திலேயே பொருளீட்டுகின்றன.

இதன் கணக்கு எளியது. புதுக் கட்டடத்தில் செலவின் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வரும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் போகிறது. பழையதைச் செப்பனிடுகையில் கூலியே மிகுதி. சுண்ணாம்பு அரைப்பவரும் தச்சரும் கொத்தனாரும் பெறும் அக்கூலி உள்ளூர்க் கடைத்தெருவிலேயே புழங்கும். தொழிலும் கைமாறாமல் நிற்கும். மாமல்லபுரமே இதற்குச் சான்று. 1957-இல் அங்கே சிற்பக் கல்விக்கூடம் தோன்றியது. 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. பல்லவர் குடைந்த பாறை இன்றும் உளிபிடித்த கைக்குச் சோறிடுகிறது.

ஓடு மாற்றவும் வழியற்ற வீட்டுக்காரரிடம் மரபின் பெருமையை மட்டும் பேசுவது அறமாகாது. வரிச்சலுகையும் குறைந்த வட்டிக் கடனும் அவர்க்கு வேண்டும். அவற்றைக் கேட்பதற்கு முன், நம்மிடம் எவை எஞ்சியுள்ளன என்பது தெரிய வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உ.வே.சா. ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியதை மேடைதோறும் புகழ்கிறோம். பதினோராம் ஆண்டில் நாமும் தெருத்தெருவாகச் செல்வோம். நூறாண்டு கண்ட வீடுகளையும் அவற்றைக் கட்டிய கொத்தர், தச்சர் வழியினரையும் பட்டியலிடுவோம். முதற்பக்கத்தில், இன்று வெற்றிடமாய்க் கிடக்கும் எங்கள் வீட்டை நானே எழுதித் தருகிறேன்.