சிறுவர்க்குக் கீபோர்டு

(சாரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறார்களைக் கூட்டி வைத்துக் கீபோர்டின் வாயிலாகச் சங்கீதம் பயிற்றல் தகுமோ என்பது நம்முன் உள்ள வினா. கட்டைகளில் கமகம் பிறவாது என்பர் வித்துவான்கள், உண்மையே. ஸ்தாயி ஒன்றுக்குப் பன்னிரண்டு கட்டைகளே உள; அவற்றின் இடையே சுரம் அசைந்து செல்ல வழியில்லை. இக்குறை பற்றியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது; அத்தடை 1971 வரை தளரவில்லை.

ஆயினும், நமக்கு அணித்தாகிய கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டுள்ள சங்கரதாஸ் சுவாமிகளை நினைமின். 1918-இல் அவர் மதுரையில் நிறுவிய சபையில் சிறுவர்கள் ஒருங்கே பாடிப் பயின்றனர். டி. கே. சண்முகம் அதிற் சேர்ந்தபோது வயது ஆறே. கூடிக் கற்றல் நமக்குப் புதிதன்று.

ஒரு கட்டைச் சுருதியில் மாயாமாளவகௌளையை வாசிக்க ஐந்து வெள்ளைக் கட்டைகளும், ரி, த என்பவற்றுக்கு இரு கறுப்புக் கட்டைகளும் போதும். சரளி வரிசையை அனைவரும் முதலிற் பாடுக, பின்னரே ஒருவன் வாசிக்க, மற்றையோர் உடன் பாடுக, முறை மாறுக. இங்ஙனமாயின் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியம் அமையும். ஏழைப் பிள்ளையும் புறத்தே நில்லான்.

பெற்றோர்களே! சுரத்தின் ஸ்தானத்தைக் கட்டை காட்டும். அதன் அசைவைக் குரலே கற்பிக்கும். ஆதலின், பாடாத பிள்ளையின் விரலைக் கட்டையில் வையாதீர்.