நாகசாகி மரத்தின் சந்ததி

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி நகரின் மீது வீழ்ந்த அணுகுண்டின் வெப்பத்தில் கருகியும் உயிரைக் கைவிடாது நின்ற, நம் பனிச்சைக்கு உறவான பெர்சிமன் மரமொன்றுக்குச் சிகிச்சை அளித்துத் தேற்றிய மர வைத்தியர் மசயுகி எபினுமா, 1994-இல் அதன் விதைகளிலிருந்து கன்றுகளை உண்டாக்கினார்.

பெர்சிமன் விதையை உலரவிடாது, ஈர மணலில் பொதிந்து, இரண்டு மூன்று மாதகாலம் குளிரில் வைத்தால்தான் அது செம்மையாக முளைக்கும். ஆணிவேர் வெகுவாக இறங்குமாதலால் ஆழமான தொட்டியும் அவசியம். விதைக்கன்று தாய்மரத்தின் கனியையே தருமென்ற நிச்சயமில்லாமையால் தோட்டக்காரர் ஒட்டுக்கன்றையே நாடுவர். ஆயினும் இங்கே வேண்டப்பட்டது சுவையன்று, சந்ததி. அதற்கு விதையே உத்தமம் என்பது என் துணிபு. கலைஞர் தட்சுவோ மியாஜிமாவின் முயற்சியால், 1996-இல் டோக்கியோவின் பழைய பள்ளி வளாகமொன்றில் முதற்கன்று ஊன்றப்பட்டது. பின்னர் அதன் உடன்பிறப்புகள் பிற தேசங்களிலும் சிறுவர் கரங்களால் நடப்பட்டன.